‘தெரியாதவர்’ என்று எழுதுமுன்

நவம்பர் மாதம் பிறந்தால் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு மின்னணு உயிர்வாழ் சான்று எடுத்துத் தரும் எங்கள் மேசையில் கூட்டம் கூடும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் எழுதுவதைப் பார்த்தால், என் பழைய கையெழுத்தையே பார்ப்பதுபோல் இருக்கிறது. ‘கைநாட்டு’, ‘பட்டிக்காடு’ என்றெல்லாம் எழுதக்கூடாது என்பது அவர்களுக்கே தெரியும் என்பதால், மரியாதை என்று நம்பி நாம் எழுதிவிடும் சொற்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வேலையை விட்டுவிட்டு ஆளைப் பற்றி எழுதுவது

ஒரு முறை, தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் வந்திருந்தார். ஓ.டி.பி. வந்த குறுஞ்செய்தியை அவரால் உடனே திறக்க முடியவில்லை, அவ்வளவுதான் நடந்தது. நானோ ‘கைப்பேசி தெரியாதவர்’ என்று எழுதி வைத்தேன். அடுத்த மேசையில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், உடன் வந்த மகனின் எண்ணைப் பதிவு செய்துவிட்டார். ஓய்வூதிய ஆணை எண்ணில் ஓர் இலக்கம் பிழையாகிச் சான்று நிராகரிக்கப்பட்ட செய்தி, வெளிநாட்டுக்குத் திரும்பியிருந்த மகன் அணைத்து வைத்த எண்ணுக்குப் போனது. ஓய்வூதியம் நின்ற பிறகே அவருக்கு விஷயம் தெரிந்தது. அதைச் சரிசெய்ய மூன்று மாதம் அலைந்தார்.

மீண்டும் வந்தபோது பதிவேட்டைத் தலைகீழாகவே படித்துவிட்டு, “ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்த கை தம்பி இது, போன் தெரியாதுன்னு எழுதிட்டீங்களே” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலை என்றிருந்திருக்கும். ‘குறுஞ்செய்தியைத் திறக்க ஒரு முறை உதவி தேவைப்பட்டது’ என்று எழுதியிருந்தால், அடுத்தவர் செய்திப்பெட்டியைத் திறந்து காட்டியிருப்பார், எண்ணும் அவருடையதாகவே இருந்திருக்கும். இன்றும் யாராவது ‘தெரியாதவர்’ என்று எழுதுவதைக் கண்டால் பேனாவைப் பிடுங்கத் தோன்றுகிறது.

வயதின்மேல் பழி போடுவது

‘முதியவர், கருவியைப் பயன்படுத்த இயலவில்லை’ என்ற வரியும் அடிக்கடி கண்ணில் படுகிறது. பல ஆண்டுகள் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்துபோவதால் கருவியால் படிக்க முடிவதில்லை, இயலாமை கருவியுடையது. இந்த மின்னணுச் சான்றுக்காக 2014இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்தில், முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வழி 2021இல் சேர்க்கப்பட்டது. ஆகவே ‘விரல்ரேகை பதியவில்லை, முகப்பதிவு செய்க’ என்று எழுதினால், அடுத்து என்ன செய்வது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

‘பாமரர்’, ‘எளிய மனிதர்’

இரண்டும் வேண்டாம்.

‘விவரம் தெரியாதவர்’

தமிழில் இதற்கு ஏமாளி என்று பொருள்.

சுற்றி வளைப்பது

கண்டிக்கப்பட்ட பிள்ளைகள் மறுநாளே எதிர்த்திசைக்குப் போய், ‘தொழில்நுட்பப் பரிச்சயம் குறைவாக உள்ள மூத்த குடிமகன்’ என்று அரசாணை நடையில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நம்மிடம் ‘பழக்கமில்லை’ என்ற நல்ல சொல் இருக்கிறது. கியர் வண்டி பழக்கமில்லை, இந்த ஊர்த் தண்ணீர் பழக்கமில்லை என்று எல்லோரும் கூச்சமின்றிச் சொல்கிறோம். அதில் அறிவைப் பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை, நாலு முறை செய்தால் பழகிவிடும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதையும் பொத்தாம்பொதுவாக எழுதாமல், ‘இந்தச் செயலி பழக்கமில்லை, எண்ணைத் தட்டத் தெரியும்’ என்று எது பழக்கம், எது இல்லை என்பதைப் பிரித்து எழுத வேண்டும். எழுதியதை அந்த ஓய்வூதியர் முன்னால் உரக்கப் படித்துக் காட்டுவதை இப்போது எங்கள் மேசையில் வழக்கமாக்கியிருக்கிறேன். படிக்கக் கூசும் வரியை எழுதியவரே அடித்துவிடுகிறார்.