சோறு, இட்லிய விடாம லோ கார்ப் ஆரம்பிக்கறது எப்படி? புதுசா தொடங்கறவங்களுக்கு ஒரு செய்முறை

லோ கார்ப், அதாவது மாவுச்சத்த (கார்போஹைட்ரேட், சுருக்கமா கார்ப்) குறைச்சு சாப்பிடறதுன்னு சொன்ன உடனே நம்ம ஆளுங்க கேக்கற முதல் கேள்வி, "அப்போ சோறே சாப்பிடக் கூடாதா?" சாப்பிடலாம், அளவா. ஆனா நாளைலேர்ந்து சோறு கட், இட்லி கட்னு வீராவேசமா ஆரம்பிக்கறவங்க நிறைய பேரு ஒரு வாரம் கூட தாங்கறதில்ல, ராத்திரி பதினோரு மணிக்கு ஃப்ரிட்ஜ தொறந்து ஸ்வீட் டப்பாவ தேடறாங்க. அவங்களுக்கு மனசுல உறுதி இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். தட்டுலேர்ந்து சோத்த எடுத்தாங்க, அந்த இடத்துல எதையும் வைக்கல, அவ்ளோதான் விஷயம். அதனால இந்தப் பதிவு முழுக்க நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறது ஒண்ணுதான்: முதல்ல புரோட்டீனையும் காயையும் ஏத்துங்க, அப்புறம் சோத்த இறக்குங்க. வரிசை மாறினா பசி ஜெயிச்சிடும்.

நம்ம சாப்பாட்டுல மாவுச்சத்து எவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சுக்கணுமா? மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் கூட சேர்ந்து சென்னைல இருக்கற மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நாடு முழுக்க பண்ண ஆய்வு 2025ல வெளிவந்துச்சு, அதுல இந்தியர்கள் சாப்பிடற கலோரில சுமார் 62 சதவீதம் கார்போஹைட்ரேட்லேர்ந்துதான் வருதுன்னு இருக்கு. புரோட்டீன் ரொம்பக் கம்மி. அதனால நமக்கு லோ கார்ப்ங்கறது ஏதோ வெளிநாட்டு வித்தை கிடையாது, சரிஞ்சு கிடக்கற தட்டை நிமித்தி வைக்கற வேலை.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: இத ப்ளீஸ் தாண்டிப் போயிடாதீங்க

சுகருக்கு இன்சுலின் போடறவங்க, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரை எடுக்கறவங்க, டாக்டர்கிட்ட சொல்லாம கார்ப குறைக்கவே கூடாது. சாப்பாட்டுல சர்க்கரை குறையும், மாத்திரை அதே டோஸ்ல வேலை செய்யும், அப்போ லோ சுகர் ஆகி மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்ங்கற சுகர் மாத்திரைகள எடுக்கறவங்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கு, கார்ப ரொம்பக் குறைச்சா, கொழுப்பு கரையறப்போ உண்டாகற கீட்டோன் ரத்தத்துல ஏறி, ரத்தம் அமிலமாகற கீட்டோஅசிடோசிஸ்ங்கற ஆபத்தான நிலை வரைக்கும் போகலாம், மீட்டர்ல சுகர் நார்மலா காட்டறப்பவே கூட. பிபி மாத்திரை போடறவங்களுக்கு பிபி இறங்கலாம். கிட்னி பிரச்சனை இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கற அம்மாங்க, டைப் 1 சுகர் இருக்கறவங்க, இவங்க யாரும் இணையத்துல படிச்சிட்டு ஆரம்பிக்க வேண்டாம், நான் எழுதறதையும் சேத்துத்தான் சொல்றேன்.

மத்தவங்களும் ஒரு தடவ ரத்த டெஸ்ட் எடுத்து வச்சுக்கோங்க. ஹெச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையோட ரெண்டு மூணு மாச சராசரி), கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் (கிட்னிக்கான டெஸ்ட்), யூரிக் ஆசிட், தைராய்டு போதும். அப்புறம் இஞ்ச் டேப் எடுத்து தொப்புளுக்கு நேரா இடுப்பு சுத்தளவ அளந்து எழுதி வைங்க. நம்ம நாட்டு ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினா வயித்துக் கொழுப்பு ஜாஸ்தின்னு கணக்கு. எடை மெஷின விட இந்த டேப்தான் பின்னாடி உங்களுக்குத் தெம்பு குடுக்கும்.

படி 1: இப்போ என்ன சாப்பிடறீங்கன்னு எழுதுங்க

மூணு நாளைக்கு எதையும் மாத்தாதீங்க, எழுத மட்டும் செய்ங்க. ஒரு சாதாரண நாள எடுத்துக்கலாம். காலைல நாலு இட்லி சாம்பார், கிட்டத்தட்ட 50 கிராம் கார்ப். மதியம் ரெண்டு கப் சாதம், வெந்த சாதம் 100 கிராமுக்கு 28 கிராம் கார்ப்ங்கற கணக்குல 80க்கு மேல, கூட உருளைக்கிழங்கு பொரியல் வேற. நாலு மணிக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் நாலு மேரி பிஸ்கட்டும், அது ஒரு 30. ராத்திரி மூணு தோசை, 60. நடுவுல ஒரு வாழைப்பழம், 25. கூட்டிப் பாருங்க, 250 தாண்டிடுது, இத்தனைக்கும் இதுல ஸ்வீட்டே கிடையாது!

லோ கார்ப்னா பொதுவா ஒரு நாளைக்கு 130 கிராமுக்குள்ள. 20லேர்ந்து 50 கிராம்னா அது கீட்டோ, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அது தேவையில்லன்னுதான் நான் நினைக்கறேன். நம்ம இலக்கு 100லேர்ந்து 130, அதுவும் மூணு வாரத்துல மெதுவா.

படி 2: குடிக்கற சர்க்கரைய முதல்ல நிறுத்துங்க

சோத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி இத செய்ங்க, ஏன்னா இதுதான் ஈசி, பசியும் கூடாது. கூல்டிரிங்க்ஸ், பாட்டில் ஜூஸ், ரோஸ்மில்க், வீட்டுல போடற ஃப்ரெஷ் ஜூஸ் எல்லாமே நிறுத்துங்க. டீ காபில சர்க்கரைய ஒரேயடியா நிறுத்த முடியலன்னா வாரத்துக்கு அரை ஸ்பூனா குறைங்க, நாக்கு பழகிடும், அப்புறம் பழைய டீய குடிச்சா பாயசம் மாதிரி இருக்கும்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், இதெல்லாம் போட்டா பரவால்லன்னு நிறைய பேரு நம்பறாங்க. பரவால்லன்னு இல்ல. மணம் வேற, ருசி வேற, ஆனா உள்ள இருக்கறது பெரும்பாலும் சர்க்கரைதான். அதே மாதிரி சிறுதானியம். கேழ்வரகு, சாமை, தினை எல்லாம் நல்ல சாப்பாடுதான், நார்ச்சத்து இருக்கு, கேழ்வரகுல கால்சியம் நிறைய இருக்கு, ஆனா கார்ப் அளவுல அரிசிக்கு ரொம்ப தூரம் இல்ல, 100 கிராம் மாவுல 60, 70 கிராம் கார்ப்தான். அரிசிக்கு பதிலா சிறுதானியம்னு வயிறு முட்ட சாப்பிட்டு எடை குறையலையேன்னு வருத்தப்படாதீங்க. சப்பாத்திக்கும் இதேதான், ஒரு சப்பாத்தி 15லேர்ந்து 20 கிராம், நாலு சப்பாத்தி சாப்பிட்டா அது டயட் ஆகாது.

படி 3: காலை சாப்பாட்ட மாத்துங்க, சாயங்காலப் பசி தானா அடங்கும்

என்னக் கேட்டா மொத்த டயட்லயும் முக்கியமான இடம் இதுதான். வெறும் இட்லி, பொங்கல், பூரின்னு மாவா சாப்பிட்டா நிறைய பேருக்கு ரத்தத்துல சர்க்கரை சட்டுனு ஏறி சட்டுனு இறங்கும், இறங்கற நேரம் பதினோரு மணி, அப்போதான் கை வடைய தேடும். காலைல 20 கிராம் புரோட்டீன் உள்ள போச்சுன்னா நிறைய பேருக்கு அந்தத் தேடல் குறையும்.

முட்டை சாப்பிடறவங்களுக்கு சுலபம். மூணு முட்டை, 18 கிராம் புரோட்டீன். சின்ன வெங்காயம், பச்சமிளகா, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போட்டு தோசைக்கல்லுல தடியா ஊத்தி, மூடி போட்டு வேக வச்சு, கூட ஒரே ஒரு இட்லியோ தோசையோ தேங்கா சட்னியோட. அந்த ஒரு இட்லிய விட்டுடாதீங்க, அது இருந்தாதான் டிபன் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

சைவம்னா 100 கிராம் பன்னீர் புர்ஜி, 18 கிராம் புரோட்டீன் வரும். இல்லன்னா முழு பாசிப்பயறு ஊற வச்சு இஞ்சி பச்சமிளகா சேத்து அரைச்சு ரெண்டு அடை, கூட கெட்டித் தயிர். பயறுலயும் கார்ப் இருக்கு, ஆனா அரிசி தோசைய விட புரோட்டீன் நிறைய, நேரம் தாங்கும்.

படி 4: மதிய தட்டுல பரிமாறற வரிசைய மாத்துங்க

நம்ம வழக்கம் என்னன்னா, தட்டு நடுவுல சோத்த மலையா குவிச்சு, ஓரமா ஒரு ஸ்பூன் பொரியல். இத அப்படியே திருப்புங்க. முதல்ல தட்டுல பாதிக்கு காய், ரெண்டு வகையா இருந்தா நல்லது, கோஸ் பொரியலும் கீரைக் கூட்டும் மாதிரி. அடுத்து கால் தட்டு புரோட்டீன், மீனோ சிக்கனோ முட்டையோ பன்னீரோ சோயாவோ. மிச்சம் இருக்கற கால் தட்டுல சாதம். சாதத்துக்கு கரண்டிய நம்பாதீங்க, ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு அளவு, ஒரு கப்ப எடுத்து அந்தக் கப்புலயே தினமும் அளங்க. 150 கிராம் சாதம்னா 42 கிராம் கார்ப், நம்ம கணக்குக்குள்ள வந்துடும். முதல் வாரம் ரெண்டு கப் ஒண்ணரையாகட்டும், அடுத்த வாரம் ஒண்ணு. அதுல பாதிய குழம்போட, மீதிய ரசத்தோடயோ மோரோடயோ சாப்பிடுங்க.

சாப்பிடறப்போ காயும் மீனும் முதல்ல, சோறு கடைசில. செஞ்சு பாருங்க, அந்த ஒரு கப்பே நிறைய பேருக்கு மிஞ்சும்.

எந்தக் காய்னு கேட்டா, வெண்டை, கத்திரி, அவரை, பீன்ஸ், புடலை, பீர்க்கை, சுரை, கோவை, காலிஃபிளவர், வாழைத்தண்டு, வாழைப்பூ, எந்தக் கீரையும் தாராளமா. உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, வாழைக்கா இதெல்லாம் சாதத்தோட கணக்குல சேருங்க, காய் கணக்குல சேக்காதீங்க. கேரட், பீட்ரூட் அளவா ஓகே.

புரோட்டீன் எவ்ளோ வேணும்? கிட்னி நல்லா இருக்கறவங்க உடம்பு எடை ஒரு கிலோவுக்கு ஒரு கிராம்னு வச்சுக்கலாம். 70 கிலோ இருக்கறவங்களுக்கு மூணு முட்டை, 100 கிராம் சிக்கன், 100 கிராம் அயிலை மீன், ஒரு கப் தயிர், முடிஞ்சுது. சைவத்துல கொஞ்சம் யோசிக்கணும்: 100 கிராம் பன்னீர், 30 கிராம் சோயா சங்க்ஸ், ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ரெண்டு கப் தயிர், கெட்டிப் பருப்பு ஒரு கப், அரை கப் சுண்டல். சுண்டல்ல கார்ப் இருக்கறதால அரை கப்போட நிறுத்தணும்.

படி 5: நாலு மணி

டயட் உடையறது பெரும்பாலும் இந்த நேரத்துலதான், ஆஃபீஸ்ல டீ வரும், கூட பஜ்ஜி வரும், வீட்டுலன்னா பசங்க ஸ்கூல்லேர்ந்து வந்து மிக்சர் டப்பாவ தொறப்பாங்க. அந்த நேரத்துல வந்து யோசிச்சா தோத்துடுவோம், காலைலயே எடுத்து வைக்கணும். வறுகடலை ஒரு கைப்பிடி, ஒரு அவிச்ச முட்டை, நாலு துண்டு தேங்கா, ஒரு சின்னக் கொய்யா, இதுல ஏதாவது ரெண்டு. உப்பு போட்ட மோர் ஒரு டம்ளர் குடிச்சிட்டு பத்து நிமிஷம் வேற வேலை பாருங்க, ஆசை அடங்கலாம்.

முந்திரி, பாதாம் டப்பாவோட உக்காராதீங்க. கார்ப் கம்மிதான், கலோரி கம்மி இல்ல. எண்ணெய், நெய்யும் அப்படித்தான், ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி. லோ கார்ப்ல எவ்ளோ நெய் வேணா ஊத்தலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

தூக்கமும் இதுல ஒரு பங்கு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஃபோன் பாத்துட்டு அஞ்சு மணி நேரம் தூங்கினா அடுத்த நாள் இனிப்பு மேல ஆசை வரத்தான் செய்யும், அத சாப்பாட்ட வச்சு சரி பண்ண முடியாது.

படி 6: ராத்திரி

எட்டு மணிக்குள்ள முடிக்கப் பாருங்க. மதியம் மிச்சமான பொரியல், கூட ஆம்லெட் இல்ல பன்னீர் இல்ல சிக்கன் சுக்கா, வேணும்னா ஒரு தோசை. வீட்டுல எல்லாரும் தோசை சாப்பிடறப்போ உங்களுக்கு மட்டும் தனி சமையல்னு வச்சுக்காதீங்க, சமைக்கறவங்களுக்கு அது பெரிய பாரம், அவங்க அலுத்துட்டா உங்க டயட்டும் நின்னுடும். அதே குழம்பு, அதே காய், உங்க தட்டுல அளவு மட்டும் வேற.

முதல் ரெண்டு வாரம் உடம்புல என்ன நடக்கும்

முதல் வாரத்துலயே ஒண்ணு ரெண்டு கிலோ குறையலாம். சந்தோஷப்படுங்க, ஆனா அதுல பெரும்பகுதி தண்ணி. நம்ம கல்லீரல்லயும் தசைலயும் சேத்து வச்ச சர்க்கரையான கிளைகோஜன், ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணியாவது புடிச்சு வச்சிருக்கும், கார்ப் குறைஞ்சதும் ரெண்டும் சேந்து போகுது. இதனாலதான் ரெண்டாவது வாரம் எடை அப்படியே நின்ன மாதிரி இருக்கும், அங்க மனசு விட்டுடாதீங்க, கொழுப்பு கரையறது மெதுவாத்தான் நடக்கும். வாரத்துக்கு அரை கிலோ குறைஞ்சாலே நல்ல வேகம்.

கார்ப் குறைஞ்சா உடம்புல இன்சுலினும் இறங்கும், அப்போ கிட்னி உப்ப அதிகமா வெளியேத்தும், அதனால தலைவலி, சோர்வு, கெண்டைக்கால் புடிச்சு இழுக்கறது வரலாம். பிபி, இதய, கிட்னி பிரச்சனை இல்லாதவங்க ரசம், உப்பு மோர், எலும்பு சூப் குடிச்சா சரியாகும். மலச்சிக்கல் வந்தா கீரைய கூட்டுங்க, தண்ணிய கூட்டுங்க, பத்தலன்னா ராத்திரி ஒரு ஸ்பூன் இசப்கோல் (மருந்துக் கடைல கிடைக்கற நார்ச்சத்து உமி) தண்ணில கலந்து குடிங்க.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லணும். அமெரிக்கால ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 609 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் லோ ஃபேட் (கொழுப்பு குறைச்ச சாப்பாடு), இன்னொரு பக்கம் லோ கார்ப்னு ஒரு வருஷம் பாத்தாங்க, 2018ல முடிவு வந்துச்சு. சராசரியா லோ ஃபேட் பக்கம் 5.3 கிலோ, லோ கார்ப் பக்கம் 6 கிலோ குறைஞ்சாங்க, பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டு பக்கமும் சர்க்கரையையும் மைதாவையும் குறைச்சு காய நிறைய சாப்பிடச் சொல்லியிருந்தாங்க. அதனால லோ கார்ப் மட்டும்தான் வழின்னு நான் சொல்ல மாட்டேன், சோறு இட்லி தோசைன்னே ஓடற நம்ம வீடுகளுக்கு கை வைக்க சுலபமான இடம் இதுதான்னு மட்டும் சொல்றேன்.

கல்யாணம், பண்டிகைன்னு வந்தா

இலைல உக்காந்து ஒண்ணுமே சாப்பிடாம வர வேண்டாம். கூட்டு, பொரியல், அவியல் ரெண்டாவது தடவை கேளுங்க, சாதம் ஒரு தடவையோட நிறுத்துங்க, பாயசமோ ஸ்வீட்டோ புடிச்சது ஒண்ணு மட்டும். மறுநாள் பட்டினி கிடக்காதீங்க, வழக்கமான முட்டையும் ஒரு இட்லியுமா திரும்ப ஆரம்பிங்க. ஒரு நாள் சாப்பிட்டதால எடை ஏறாது, அந்த ஒரு நாள் ஒரு வாரமா நீளறதாலதான் ஏறும்.

மூணு மாசம் கழிச்சு அதே டெஸ்ட்டுகள திரும்ப எடுங்க, ஹெச்பிஏ1சி கடந்த ரெண்டு மூணு மாச சராசரியக் காட்டறதால அதுக்கு முன்னாடி எடுத்தா சரியாத் தெரியாது. எல்டிஎல்ங்கற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியிருந்தா நெய், வெண்ணெய், கொழுப்பு மட்டனக் குறைச்சு மீன், கடலை பக்கம் போங்க, டாக்டர்கிட்டயும் காட்டுங்க. இடுப்பு குறைஞ்சு ரிப்போர்ட்டும் நல்லா இருந்தா வாரத்துக்கு வாரம் 10 கிராம் கார்ப் ஏத்திப் பாருங்க, எந்த அளவுல எடை நிக்குதோ அதுதான் உங்க அளவு. அது பக்கத்து வீட்டுக்காரங்க அளவா இருக்கணும்னு அவசியமே இல்ல.