ஜெப ஆலயத்து உதவிக் குழு எங்கே சறுக்குகிறது?

அமெரிக்காவில் ஓரளவு பெரிய யூத ஜெப ஆலயம் என்றால் அங்கே பெரும்பாலும் ஒரு ஹெசெத் (அன்பால் செய்யும் உதவி) குழு இருக்கும். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி, துக்க வீட்டில் பிரார்த்தனைக்குத் தேவையான பத்துப் பேரைச் சேர்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நல்ல மனசு இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நம்பி இறங்கும் குழுதான் சீக்கிரம் படுத்துவிடும்.

பெரிய சறுக்கல் சாப்பாட்டில்தான். அடக்கம் முடிந்து வந்ததும் துக்கம் காப்பவர் தன் வீட்டுச் சாப்பாட்டை உண்ணக்கூடாது, அந்த முதல் வேளையை அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும் என்பது யூத வழக்கம். அவித்த முட்டை, பருப்பு, ரொட்டி என்று எளிமையாக இருக்கும். அதன்பின் ஏழு நாள் ஷிவா, அதாவது வீட்டிலேயே துக்கம் காப்பது. சபையே திரண்டு சமைக்கிறது, யாரும் யாரையும் கேட்பதில்லை. திங்களன்று ஒரு லசானியா, செவ்வாயன்று இரண்டு, புதன்கிழமை ஃபிரிட்ஜில் இடமில்லை. லசானியாவோடு எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. ஆனால் அதில் சீஸ் இருக்கிறது, அடுத்தவர் கொண்டுவந்தது கோழி சூப். கோஷர் என்ற யூத உணவு விதியைப் பார்க்கும் வீட்டில் பாலையும் இறைச்சியையும் ஒரே வேளையில் வைக்க முடியாது.

கோஷர் கடையில் பொருள் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. எந்தப் பாத்திரத்தில், எந்த அடுப்பில் சமைத்தார்கள் என்பதும் கணக்கு. வீட்டுக்காரர் எவ்வளவு கறாராகப் பார்ப்பவர் என்று தெரியாவிட்டால், ஆலயத்துச் சமையலறையில் சமைப்பது அல்லது சான்று பெற்ற கடையில் சீல் வைத்து வாங்குவது பத்திரம். மூடியில் இறைச்சியா, பாலா, இரண்டும் சேராத பார்வேயா என்று எழுதுங்கள். நட்ஸ் இருந்தால் அதையும். தூக்கிப் போடக்கூடிய அலுமினியத் தட்டில் கொடுங்கள். துக்க வீட்டாரைப் பாத்திரம் கழுவித் திருப்பித் தர வைக்காதீர்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை. டிசம்பரில் நியூயார்க்கில் நாலரை மணிவாக்கில் சூரியன் இறங்கிவிடும், சமையலும் வண்டி ஓட்டுவதும் கூடாத ஓய்வு நாளான ஷப்பாத் தொடங்கிவிடும். ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்குக் கொண்டுவருகிறேன் என்பவரை வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள்.

யாருக்கு எவ்வளவு என்பதிலும் தடுமாறுகிறார்கள். வசதியான குடும்பத்தில் சாவு என்றால் கேட்டரிங் தட்டுகள் போகும். வாடகை அறையில் தனியாக இருப்பவருக்கு அனுதாப அட்டை மட்டும். யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத் காலத்திலேயே இந்த வழக்கம் இருந்தது. துக்க வீட்டுக்குச் செல்வந்தர் என்றால் பொன், வெள்ளிக் கூடையிலும் ஏழை என்றால் பட்டை உரித்த வில்லோக் குச்சிக் கூடையிலும் உணவு போனது. ஏழைகள் கூசிப்போனார்கள். அதனால் இனி எல்லோருக்கும் வில்லோக் கூடைதான் என்று விதித்தார்கள். உங்கள் குழுவும் முன்கூட்டியே ஒரே அளவை எழுதி வைத்துக்கொண்டால் பிறகு முகம் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர் அவருடைய நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறார் என்கிறது தல்மூத். அதே நூல் பகலின் முதல் மூன்று மணி நேரமும் கடைசி மூன்று மணி நேரமும் போகாதே என்றும் சொல்கிறது: காலையில் நோயாளி தெளிவாகத் தெரிவார், பிரார்த்திக்கத் தோன்றாது, மாலையில் தளர்ந்து தெரிவார், நம்பிக்கை போய்விடும். இன்றைக்கு இது போன் செய்து கேட்டுவிட்டுப் போவது, சீக்கிரம் எழுந்துவிடுவது என்ற அளவில் பொருந்தும். துக்க வீட்டில் துக்கப்படுபவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது. புதிதாகச் சேர்ந்த தொண்டர்களுக்கு இதுதான் கஷ்டம். அந்த மௌனம் தாங்காமல் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதேபோல, நோயாளியின் பெயரைக் குணம் வேண்டும் பிரார்த்தனையில் வாசிக்குமுன் சம்மதம் கேளுங்கள். வேலை செய்யும் இடத்துக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

பண உதவியை ரபியின் (யூத மதகுருவின்) கையில் உள்ள நிதி வழியாகக் கமுக்கமாகச் செய்வதே நல்லது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த எட்டுப் படிகளில், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாத தர்மம் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே உள்ளது கடனோ வேலையோ கூட்டுத் தொழிலோ கொடுத்து, கை நீட்டும் நிலையிலிருந்தே எடுத்துவிடுவது. ஆனால் நடப்பது என்ன? யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்கு மளிகைப் பெட்டி கொடுக்கப் பிள்ளைகளை வீடு வீடாக அனுப்புகிறார்கள். திறக்கும் கதவு வகுப்புத் தோழனின் வீடாக இருந்தால்?

டிசம்பர் 25 அன்று கிறிஸ்தவ ஊழியர்களுக்கு ஓய்வு தர யூதர்கள் உணவுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்வது நல்ல பழக்கம். அதற்காக, எத்தனை பேர் வேண்டும் என்று கேட்காமல் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு முப்பது பேர் போய் நிற்காதீர்கள். அவர்களுக்குப் பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமைக்குத்தான் ஆள் கிடைக்காமல் இருக்கும்.

"எது வேணும்னாலும் சொல்லுங்க" என்று விட்டுவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். "வியாழக்கிழமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான் கூட்டி வரட்டுமா?" என்று கேளுங்கள். உதவி வாங்கியவர்களையும் பட்டியலில் சேருங்கள். தர்மம் வாங்கிப் பிழைப்பவனும் தர்மம் செய்ய வேண்டும் என்பது யூதச் சட்டம். வண்டி ஓட்ட முடியாத பாட்டியால் போன் செய்ய முடியும். ஷிவா முடிந்த ஏழாம் நாளோடு சாப்பாட்டுப் பட்டியலை மூடுகிற குழுக்கள், முப்பது நாள் கழிந்த பிறகு அந்த வீட்டுக்கு யார் பேசுவது என்று பெயரையும் தேதியையும் முதல் நாளே குறித்துவிடலாம். அந்த வேலையைப் பாட்டியிடம் கொடுங்கள்.