பிளெண்டரில் பாறையைத் தண்ணீருக்குள் விழவைப்பது, மோதவைப்பது

பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் நீருக்கடியில் பாறை விழும் காட்சி என்றால், சாதாரணமாக விழவைத்துவிட்டு வேகத்தைப் பாதியாகக் குறைப்பதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் நிலாவில் விழுவதுபோல இருக்கும். காற்றில் பாறை தரையைத் தொடும்வரை வேகம் கூடிக்கொண்டே போகும். தண்ணீரிலோ கொஞ்ச தூரம் வேகம் கூடி, அப்புறம் ஒரே சீராக இறங்கும். அந்தச் சீரான வேகம்தான் முற்றுத் திசைவேகம்.

ரிஜிட் பாடி (பொருளை விழவும் மோதவும் வைக்கும் அமைப்பு) சேர்க்கத் தெரியும், ஸ்கேலை (பொருளின் அளவு மாற்றத்தை) அப்ளை செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நம் பாறை 1 மீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கருங்கல்.

1. கிராவிட்டி

கருங்கல்லின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 2700 கிலோ, தண்ணீருக்கு 1000. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிதப்பு விசையே தாங்கிவிடும். அதோடு, நகரும் கல் சுற்றியிருக்கும் தண்ணீரையும் தள்ளியாக வேண்டும். கோளம் என்றால், அது இடம்பெயர்க்கும் நீரின் நிறையில் பாதியைக் கூடுதலாகச் சுமப்பதற்குச் சமம். இரண்டையும் சேர்த்தால் தொடக்க முடுக்கம் 9.81 இல்லை, சுமார் 5.2. சீன் பக்கத்தில் கிராவிட்டியின் இசட் மதிப்பை -5.2 ஆக்குங்கள். எஃகு உருண்டைக்கு -8.

2. டிராக் (நீரின் தடை): என்னை அதிகம் இழுத்தடித்த இடம்

மாஸ் பெட்டியில் 1 போட்டாலும் 1400 போட்டாலும் பாறை ஒரே மாதிரிதான் விழும். எதிர்க்கும் விசை இல்லாதவரை நிறைக்கு விழும் வேகத்தில் பங்கில்லை.

உடனே கை டிரான்ஸ்லேஷன் டேம்பிங்குக்கு (நகர்வைத் தணிக்கும் அமைப்புக்கு) போகும். வேண்டாம், அதை 0 ஆக்கிவிடுங்கள். அது வேகத்துக்கு நேர்விகிதத்தில் தடுக்கும். பாறை தேனுக்குள் இறங்குவதுபோல ஆரம்பத்திலேயே சோர்ந்துவிடும். பெரிய பொருளை நீர் தடுப்பது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. மெதுவாகப் போகும்போது தடை அநேகமாக இருக்காது, வேகம் கூடக்கூட எகிறும்.

ஆகவே ஒரு ஃபோர்ஸ் ஃபீல்ட் சேர்த்து, வகையை டிராக் ஆக்குங்கள். லீனியர் 0, குவாட்ராட்டிக் 0.1, பாறையின் மாஸ் 1. உண்மையான நிறையான 1400 கிலோவைப் போட்டால் இந்த ஃபீல்டால் அதை அசைக்க முடியாது. குவாட்ராட்டிக் மதிப்பு 2-க்கு மேல் போகாது. தடைக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் சரியாக இருந்தால் போதும்.

முற்றுத் திசைவேகம் நொடிக்கு 7 மீட்டர் அளவில் வர வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டினால் ஃபிரேமுக்கு 30 செ.மீ. இதை அளந்து பாருங்கள். கூடக்குறைய வந்தால் 0.1-ஐ மாற்றுங்கள்.

7 மீட்டரா, இவ்வளவு வேகமாகவா என்று தோன்றும். ஆமாம், பெரிய பாறை தண்ணீரிலும் வேகமாகத்தான் விழும். அந்த வேகத்தை நெருங்கவே கிட்டத்தட்ட 13 மீட்டர் ஆழம் தேவை. 4 செ.மீ. கூழாங்கல்லோ அரை மீட்டருக்குள் சீராகிவிடும், வேகமும் நொடிக்கு 1.4 மீட்டர்தான். பொருள் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவர் கண் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஒரே வகைக் கற்களுக்கு எளிய வழி: விட்டம் எத்தனை மீட்டரோ அதையே மாஸாகப் போடுங்கள். கூழாங்கல்லுக்கு 0.04.

3. சுழற்சி

டிராக் ஃபீல்ட் பொருளின் மையத்தை மட்டும் தள்ளும், சுழற்சியைத் தொடாது. ரொட்டேஷன் டேம்பிங்கை 0.5-க்கு மேல் வையுங்கள். இல்லாவிட்டால் மோதிய பிறகு பாறை பம்பரமாகச் சுற்றும்.

4. மோதல்

பவுன்சினஸ் (துள்ளல்) 0. தரைக்கும் அதே. நெருங்கும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே உள்ள நீர் பிதுங்கி வெளியேற வேண்டும், அதில் ஆற்றல் போய்விடும். தட்டையான அடிப்பாகம் என்றால் தொடுவதற்கு முன்பே வேகம் குறையும். இதை சிமுலேஷன் தராது. பேக் டு கீஃபிரேம்ஸ் கொடுத்து (இது சிமுலேஷன் அசைவைக் கையால் திருத்தக்கூடிய ஃபிரேம் பதிவுகளாக மாற்றும்), தொடுவதற்கு முந்தைய இரண்டு மூன்று ஃபிரேம்களை கிராஃப் எடிட்டரில் கையால் தளர்த்துங்கள். தண்ணீரையே முழுதாக சிமுலேட் செய்யலாமே என்பார்கள். பாறை மட்டும் தெரியும் ஷாட்டுக்கு அது வீண் வேலை.

சிறிய கற்கள் தரைக்கு மேல் மிதப்பதாகத் தெரிந்தால் கொலிஷன் மார்ஜினை (மோதலுக்காகப் பரப்பைச் சுற்றி விடும் இடைவெளியை) பாருங்கள். இயல்பாக 4 செ.மீ. இருக்கும், கூழாங்கல் அளவே அதுதான்.

தரையில் மணல் இருந்தால் பாறை தொடுவதற்குச் சற்று முன்னதாகவே அது ஓரங்களில் கிளம்ப வேண்டும். அதைவிட முக்கியம், பாறை நின்ற பிறகும் அதன் பின்னால் இழுபட்டு வந்த நீர் நிற்காது. கீழே வந்து பாறையைச் சுற்றி வழிந்து இன்னொரு முறை மணலைக் கிளப்பும். இந்த இரண்டாவது புழுதியைச் சேர்த்த பிறகுதான் என் காட்சியில் கனம் வந்தது.

தகடு, பலகை போன்றவற்றுக்கு இந்த முறை உதவாது. அவை பக்கவாட்டில் அலைந்தும் புரண்டும் இறங்கும். நான் கீஃபிரேமிலேயே செய்துவிடுவேன்.

பின்சேர்க்கை: பாறையை நீர்ப்பரப்புக்கு மேலிருந்து போட்டால் காற்றிலேயே வேகம் குறைகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஃபீல்டை நீர்மட்டத்தில் வைத்து, ஃபாலாஃப் பகுதியில் இசட் டைரக்‌ஷனை மைனஸ் இசட் ஆக்குங்கள். அதற்குக் கீழே மட்டும் வேலை செய்யும். கிராவிட்டிக்கு, பாறை நீரைத் தொடும் ஃபிரேமில் -9.81-இலிருந்து -5.2-க்கு மாறும்படி கீஃபிரேம் வையுங்கள். மாற்றியது தெரியவில்லை என்றால் முதல் ஃபிரேமுக்குப் போய் மறுபடி ஓட்டுங்கள், பழைய கேஷ் (முன்பு கணக்கிட்டுச் சேமித்த அசைவு) ஓடிக்கொண்டிருக்கும்.