காரின் முன்சீட்டுத் திரையில் வீடியோ ஓடவில்லையா? ஹேண்ட்பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வண்டியை ஓரங்கட்டுகிறீர்கள். பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்து ஓடிவிட, முட்டிவலி என்று அம்மா முன்சீட்டிலேயே இருந்துகொள்கிறார். பாண்டியிலும் இதே கதைதான். கடற்கரைச் சாலையை மாலையில் வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு யாராவது ஒருவர் வண்டியில் காத்திருப்பார். அவருக்குப் பொழுது போகட்டும் என்று பென்டிரைவில் இருக்கும் படத்தைப் போட்டால் வசனம் மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாகக் கிடக்கிறது. அல்லது ‘ஓட்டும்போது வீடியோ பார்க்க முடியாது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது. வண்டியோ நின்றுகொண்டிருக்கிறது!

செட் (திரையோடு இருக்கும் கார் ஸ்டீரியோ) போய்விட்டது என்று உடனே கடைக்கு ஓட வேண்டாம். செட் நன்றாகவே இருக்கலாம். வண்டி நின்றுவிட்டது என்ற தகவல் அதற்குப் போய்ச் சேராமல் இருக்கலாம்.

ஓட்டுநர் கண்ணில் படுகிற திரையில், வண்டி ஓடும்போது வீடியோ வராதபடி ஒரு பூட்டு இருக்கும். கம்பெனி செட்டோ வெளியில் வாங்கிப் பொருத்தியதோ, பெரும்பாலானவற்றில் இது உண்டு. வண்டி நின்றதா என்பதைச் செட் மூன்று வழிகளில் தெரிந்துகொள்ளலாம்: ஹேண்ட்பிரேக் சுவிட்ச், கியர் நிலை, வேக சிக்னல். இவற்றில் ஒன்றையோ இரண்டையோ நம்பித்தான் பூட்டைத் திறக்கும். நாம் செய்யப்போவது அந்தத் தகவல் எங்கே அறுந்தது என்று தேடுவதுதான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓடும் வண்டியில் முன்திரையில் படம் வரவைக்கும் வழியை இங்கே தேடாதீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் தாண்டிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த 17 மீட்டருக்குள் ஒரு மாடோ சைக்கிளோ குறுக்கே வர எவ்வளவு நேரம் ஆகும்? மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதற்குத் தண்டனை சொல்கிறது. ஓட்டும்போது கையில் போனைப் பிடித்துப் பயன்படுத்துவதையும் 2019 திருத்தத்தில் அதில் சேர்த்தார்கள். ஓடும்போது பிள்ளைகளுக்குப் படம் வேண்டுமென்றால் பின்சீட்டுத் திரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இந்தப் பூட்டு பொதுவாகக் கிடையாது.

படி 1: முறையாக நிறுத்திப் பாருங்கள்

கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடலாம். சமதளத்தில் நிறுத்துங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், அல்லது இன்ஜினை ஓடவிடுங்கள். மேனுவல் வண்டி என்றால் நியூட்ரல், ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’ (பார்க்). அப்புறம் ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுங்கள். கியரில் விட்டுவிட்டு ஹேண்ட்பிரேக் போடாமல் நிறுத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஹேண்ட்பிரேக்கை மட்டும் பார்க்கிற செட்டுக்கு, அப்படி நிற்கிற வண்டியும் ஓடுகிற வண்டிதான்.

பட்டன் வகை ஹேண்ட்பிரேக் இருக்கும் வண்டியில், பட்டனை இழுத்து மீட்டரில் சிவப்பு விளக்கு வருகிறதா என்று பாருங்கள். நின்ற வண்டியைக் கால் எடுத்தாலும் பிடித்துவைக்கும் ஆட்டோ ஹோல்டின் பச்சை விளக்கு வேறு. அது எரிந்தால் பார்க்கிங் பிரேக் போட்டதாகக் கணக்கில்லை.

மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு இதையெல்லாம் சோதிக்கக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

படி 2: திரை என்ன சொல்கிறது?

பாதுகாப்பு வாசகம் வந்தாலோ, சத்தம் ஒழுங்காக வந்து படம் மட்டும் இல்லையென்றாலோ, பூட்டைச் சந்தேகப்படுங்கள். ஃபைல் பெயரே பட்டியலில் இல்லை, அல்லது இந்த ஃபார்மட் ஓடாது என்கிறது என்றால், கோளாறு பென்டிரைவில் இருக்கிறது. நேராகப் படி 5-க்குப் போங்கள். மெனுவே தெரியவில்லை, திரை முழுக்க இருட்டு என்றால் அது வெளிச்ச செட்டிங், ஃபியூஸ், டிஸ்ப்ளே சமாசாரம். இந்தப் பதிவு அதற்கு உதவாது.

பின்சீட்டுத் திரை இருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. அதே படம் பின்னால் ஓடி முன்னால் ஓடவில்லையென்றால், பென்டிரைவும் ஃபைலும் சரியாக இருக்கின்றன. பூட்டுதான் காரணம்.

படி 3: ஹேண்ட்பிரேக் விளக்கு

நம் கடலோரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் இதுதான் என்பேன். லீவரின் அடியில், இரண்டு சீட்டுக்கும் நடுவே, பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். லீவரைத் தூக்கினால் அந்த சுவிட்ச் வயரை எர்த்தோடு சேர்க்கும், மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும். வெளியில் வாங்கிப் பொருத்திய செட்டுக்கும் ‘ஹேண்ட்பிரேக் போட்டாச்சு’ என்ற சேதி பெரும்பாலும் இதே வயரிலிருந்துதான் போகும். தரையை ஒட்டி இருப்பதால் ஈரக்கால், கொட்டிய தண்ணீர், உப்புக்காற்று எல்லாம் அதன் தலையில்தான் விழும்.

வெள்ளம் என்றால் கேட்கவே வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும், அதையடுத்துத் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் புகுந்தபோதும் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். கார்ப்பெட் மேலே காய்ந்துவிடும். அடியில் இருக்கிற பஞ்சு லேசில் காயாது. கனெக்டர் பின்களில் பச்சை படிய அந்த ஈரம் போதும். கோளாறு பல மாதம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சோதிக்கும் முறை சுலபம். முதலில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், ஏனென்றால் ஹேண்ட்பிரேக்கை ஏற்றி இறக்கப் போகிறோம். சாவியை ஆன் செய்யுங்கள். எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரியும்போது சிவப்பு பிரேக் விளக்கும் எரிகிறதா என்று கவனியுங்கள்; அப்போதே எரியாவிட்டால் பல்பு அல்லது மீட்டரில் பிரச்சினை. அடுத்து லீவரை மெதுவாகத் தூக்குங்கள். முதல் ஒன்றிரண்டு ‘கிளிக்’கிலேயே விளக்கு வர வேண்டும். பாதி தூக்கிய பிறகு வந்தாலும், ஆட்டினால் மட்டும் வந்தாலும், சுவிட்ச் அழுக்காகியிருக்கலாம் அல்லது இடம் விலகியிருக்கலாம். மூடியைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, கனெக்டரை இரண்டு மூன்று தடவை எடுத்து மாட்டினால் பல நேரம் உயிர் வந்துவிடும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு வேண்டாம், பிசுக்காகத் தங்கித் தூசியைச் சேர்க்கும். அதற்கும் மசியாவிட்டால் சுவிட்சை மாற்றிவிடுங்கள். சின்ன பாகம்தான்.

லீவரை இறக்கிய பிறகும் அந்தச் சிவப்பு விளக்கு அணையவில்லை என்றால் படத்தை மறந்துவிடுங்கள், முதலில் பிரேக் ஆயிலைப் பாருங்கள். பல வண்டிகளில் பிரேக் ஆயில் குறைந்தாலும் இதே விளக்குதான் எரியும்.

படி 4: வெளியில் வாங்கிய செட்டாக இருந்தால்

விளக்கு ஒழுங்காக எரிகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால், சுவிட்சிலிருந்து செட்டுக்குப் போகும் வயரைப் பார்க்க வேண்டும். பயோனியர் போன்ற செட்களில் ஹேண்ட்பிரேக் வயர் இளம்பச்சை நிறத்தில் இருக்கும். மஞ்சள் பேட்டரி, சிவப்பு சாவி சப்ளை, கறுப்பு எர்த். பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு செட்களில் நிறத்தை நம்ப வேண்டாம். வயர் நுனியில் ஒட்டியிருக்கும் ‘பிரேக்’ என்ற சீட்டைப் பாருங்கள்.

ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் நிறக் குழாய்க்குள் போகும் வயர்களையும் மஞ்சள் கனெக்டர்களையும் தொடவே கூடாது. செட்டை வெளியே இழுப்பதற்கு முன் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். அளந்து பார்க்க மட்டும் திரும்ப மாட்டினால் போதும்.

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை வண்டியின் இரும்பு பாடியில், சிவப்பு முனை பிரேக் வயரில். சாவி ஆனில், ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கும்போது எளிய வண்டிகளில் 12 வோல்ட் அளவில் காட்டும். கம்ப்யூட்டர் நிறைந்த புது வண்டிகளில் குறைவாகவும் காட்டலாம். லீவரைத் தூக்கியதும் சைபருக்குப் பக்கத்தில் விழ வேண்டும். விழுந்தால் செட் வரைக்கும் சேதி வருகிறது என்று அர்த்தம். எண் அசையவே இல்லை என்றால் நடுவில் ஜாயிண்ட் போயிருக்கிறது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட் நம்மூர் உப்புக்காற்றில் அதிக நாள் தாங்காது. வெட்டிவிட்டு, சால்டரிங் செய்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள்.

பட்டன் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியில் இந்த எளிய வயர் இருக்காமல் போகலாம். தகவல் கேன் பஸ் என்ற டேட்டா லைனில் ஓடும். அதைப் படித்துச் சொல்ல, வண்டி மாடலுக்கேற்ற ஒரு டிகோடர் பெட்டி தேவை. அதை வீட்டில் வைத்து முயலாதீர்கள். சில நேவிகேஷன் செட்களில் வேக சிக்னலுக்கென்று தனி வயரும் வரும், பயோனியரில் அது இளஞ்சிவப்பு.

சில கடைகளில் ஒரு ‘சுருக்கு வழி’ உண்டு: பிரேக் வயரை நேராக எர்த்தில் கொடுத்துவிடுவார்கள். வண்டி எப்போதும் நிற்கிறது என்று செட் நம்பிக்கொண்டிருக்கும். இன்னும் அவசரக்காரர் கையில் மாட்டினால், வண்டியின் சுவிட்ச் வயரையே எர்த்தோடு சேர்த்துவிடுவார். அப்புறம் சிவப்பு விளக்கு எந்நேரமும் எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஒரு சினிமாவுக்காக இதை ஏற்க வேண்டுமா? ஆண்ட்ராய்டு செட்டின் செட்டிங்கில் ஓட்டும்போது வீடியோ என்ற மாதிரி ஒரு ஆப்ஷன் தென்பட்டாலும் பூட்டை அணைக்காமல் விடுங்கள்.

படி 5: பென்டிரைவும் ஃபைலும்

செட் கையேட்டில் யு.எஸ்.பி. வீடியோ ஓடும் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பெனியிலிருந்தே வரும் சில செட்கள் யு.எஸ்.பி.யில் பாட்டு மட்டும்தான் எடுக்கும். அதேபோல வண்டியில் இருக்கும் எல்லா யு.எஸ்.பி. துளையும் ஒன்றல்ல, சிலது சார்ஜுக்கு மட்டும்.

பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்வது பாதுகாப்பான தேர்வு. 32 ஜி.பி. அளவில் வாங்கினால் அதில் சிக்கல் வராது. ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். வீடியோ எம்.பி.4, உள்ளே ஹெச்.264 என்ற சுருக்கும் முறை, 720 அல்லது அதற்குக் கீழான தெளிவு. இந்தக் கூட்டணி பெரும்பாலான செட்டில் ஓடும். புது போன்களில் எடுக்கும் வீடியோ ஹெச்.265 ஆக இருக்கலாம். பழைய செட் அதைத் திறந்து சத்தத்தை மட்டும் கொடுக்கும், நாமோ பூட்டு என்று நினைத்து வயரைத் தேடிக்கொண்டிருப்போம். கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்ள ஹேண்ட்பிரேக் என்றே பெயருள்ள இலவச மென்பொருள் இருக்கிறது, லீவரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே வழியாகப் போனை இணைத்திருந்தால், வண்டி ஓடும்போது வீடியோ வராது. அது கோளாறே அல்ல. போன் திரையை அப்படியே காட்டும் மிரரிங்கில் சில ஓ.டி.டி. செயலிகள் காப்புரிமைப் பூட்டினால் கறுப்புத் திரை காட்டும். அதே இணைப்பில் நீங்கள் எடுத்த கல்யாண வீடியோ ஓடினால் செட் சரி என்று விட்டுவிடலாம்.

படி 6: கடைக்குப் போவதானால்

வாரன்டியில் இருக்கும் வண்டியின் வயரை வெளியில் வெட்டவிடாதீர்கள், ஷோரூமுக்கே கொண்டுபோங்கள். வாரன்டி முடிந்திருந்தால், மஞ்சக்குப்பத்திலோ பாண்டியிலோ தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனே போதும். ‘அண்ணே, படம் வரலை’ என்று மட்டும் சொன்னால் அவர் உங்கள் சிரமத்தைத் தீர்க்கும் நல்லெண்ணத்தில் எர்த் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். விளக்கு எரிகிறதா, மல்டிமீட்டரில் என்ன காட்டியது, பின்திரை ஓடுகிறதா என்பதைச் சொல்லி, சுவிட்சிலிருந்து செட் வரை வயரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். காசு கொடுப்பதற்கு முன் வண்டியில் உட்கார்ந்து, கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். முன்திரையில் படம் நிற்க வேண்டும். லீவரைத் தூக்கினால் திரும்ப வர வேண்டும். வேகத்தை வைத்துப் பூட்டும் செட்டாக இருந்தால், ஆளில்லாத தெருவில் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, மெல்ல நகர்த்தி அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். படம் நிற்கவில்லை என்றால் எர்த் கொடுத்திருக்கிறார். பிரித்து மறுபடி செய்து தரச் சொல்லுங்கள்.