கலங்கல் தண்ணீரைக் குடிநீராக்கும் முறை

வெப்பமண்டலக் காட்டோரத்திலோ ஆற்றோரத்திலோ தங்கும்போது, பையில் குளோரின் மாத்திரை இருந்தும் வயிற்றுப்போக்கில் படுத்துவிடுகிறவர்கள் உண்டு. கலங்கல் தண்ணீரில் நேராக மாத்திரையைப் போட்டால் அப்படித்தான் ஆகும். சேறும் மக்கிய இலையும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. முதலில் தெளிய வைக்க வேண்டும், பிறகுதான் மருந்து.

தண்ணீரை ஆள் குளிக்கும் இடத்துக்கும் மாடு இறங்கும் துறைக்கும் மேலே, ஓட்டம் உள்ள இடத்தில் மொள்ளுங்கள். பெருமழை பெய்தவுடன் ஆற்றுப் பக்கம் போகவே வேண்டாம். கரையிலுள்ள கழிவு முழுக்க அப்போதுதான் அதில் கலக்கிறது. கூரையில் விழும் மழைநீர் இதைவிட மேல், ஆனால் முதல் சில நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.

மொண்டதை வாளியில் மூடி ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடிவண்டல் கிளம்பாதபடி மேல்தண்ணீரை மட்டும் சாய்த்து, பருத்தித் துணியை எட்டு அடுக்காக மடித்து வடிகட்டுங்கள். துணி பழசாக இருப்பதே நல்லது. துவைத்துத் துவைத்து நூல் பிசிர்விட்டு, கண்கள் நெருங்கியிருக்கும். காலரா கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளை அது பெருமளவு பிடித்துவிடும். தனியாக மிதக்கும் கிருமிகளோ வைரஸோ அதில் நிற்காது.

விறகு இருந்தால் கொதிக்க வைப்பதே உத்தமம். அடியில் முத்து முத்தாக எழும் சிறு குமிழி கொதி அல்ல, கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான். தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே உள்ள இடமானால் 3 நிமிடம். மூடியபடியே ஆறவிடுங்கள்.

விறகு இல்லையென்றால் வாசனையோ சோப்போ கலக்காத, சோடியம் ஹைப்போகுளோரைட் 5–6 சதவீதம் உள்ள பிளீச்சிங் திரவம். லிட்டருக்கு 2 சொட்டு, கொஞ்சம் கலங்கல் மிச்சமிருந்தால் 4. கலக்கி 30 நிமிடம் விட்டு மோந்து பாருங்கள்: லேசாக குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை விட்டு 15 நிமிடம் பொறுங்கள். வெயிலில் கிடந்த பழைய பாட்டிலை நம்பாதீர்கள், சூட்டில் அதன் வீரியம் போய்விடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு மசியாது என்பதால் குழந்தைகளுக்குக் கொதித்த தண்ணீர்தான்.

இரண்டும் இல்லாவிட்டால் வெயில் இருக்கிறது. 2 லிட்டருக்கு மிகாத, நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பித் தகரக் கூரையில் படுக்கப் போடுங்கள். நல்ல வெயிலில் 6 மணி நேரம், மேகமூட்டமானால் 2 நாள், அடைமழையில் பலிக்காது. போடுமுன், பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின்மேல் நிறுத்தி வாய் வழியே பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் இன்னும் தெளிய வேண்டும்.

உப்பு, பூச்சிமருந்து, சுரங்கக் கழிவின் பாதரசம் ஆகியவற்றை இந்த முறைகள் எதுவும் நீக்காது. ஆற்றின் மேல்பக்கம் தங்கம் அரித்தாலோ வயலில் மருந்தடித்தாலோ அந்தத் தண்ணீரையே விட்டுவிடுங்கள்.

சுத்தமான தண்ணீர் மறுபடி கெடுவது கையால்தான். குறுகிய வாய்ப் பாத்திரத்தில் வைத்துச் சாய்த்து ஊற்றுங்கள், குவளையை விட்டு மொள்ள வேண்டாம். பல் துலக்கவும் இதே தண்ணீர்தான். இத்தனைக்கும் பிறகு வயிறு போனால், 1 லிட்டரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து அடிக்கடி குடியுங்கள். உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாதீர்கள்.