நினைத்தால் கிளம்பும், நினைத்தால் மக்கர் செய்யும் கார்

காலையில் சட்டென்று கிளம்பிய கார், மாலையில் ‘டிக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு அடங்கிவிடுகிறதா? உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு வெகுவாக மங்கினால் பேட்டரியில் சக்தி குறைவு, அல்லது இணைப்பில் கோளாறு. மங்காமல் எரிந்தால் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே பக்கம் சந்தேகப்படலாம்.

பேட்டரி முனைகளைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் பாதித் திருடன் அகப்பட்டுவிட்டான். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு, முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள் (மாட்டும்போது அதுதான் கடைசி). சமையல் சோடா கரைத்த நீரால் தேய்த்து, துடைத்து, இறுக்குங்கள். பலரும் மறப்பது, நெகட்டிவ் முனையிலிருந்து காரின் உடலுக்குப் போகும் எர்த் வயரை. அதன் போல்ட் துருப்பிடித்திருந்தாலும் இதே கண்ணாமூச்சிதான்.

மல்ட்டிமீட்டர் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) இருந்தால் அளந்து பாருங்கள்; ஓய்விலுள்ள நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள்.

ஆட்டோமேட்டிக் கார் ‘பி’யில் (பார்க்) கிளம்பாமல் ‘என்’னில் (நியூட்ரல்) கிளம்பினால், கியர் நிலையை உணரும் சுவிட்ச்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.