பினாங்கு ஈரக்காற்றில் உயர்தர பேஸ் கிட்டாரைப் பேணும் முறை

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பினாங்கின் திருமண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து உயர்தரக் கருவி வாங்கும் இளைஞர்கள் அதன் மரத்தையும், கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்பையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். இந்தத் தீவின் காற்றில் அதன் கழுத்து என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு.

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரெசிஷன் பேஸின் 34 அங்குலக் கம்பி நீளமே இன்றும் பெரும்பாலான பேஸ்களின் அளவாக இருக்கிறது. அத்தனை நீண்ட கழுத்தை நான்கு தடித்த கம்பிகள் 70 கிலோவுக்கும் கூடுதலான விசையோடு இழுக்க, மரத்துக்குள் புதைந்திருக்கும் டிரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு அந்த இழுப்பைத் தாங்கி நிற்கிறது. மழைநாளில் மரம் ஈரத்தை வாங்கி உப்புவதும், குளிரூட்டிய அறையில் உலர்ந்து சுருங்குவதும் இந்தச் சமநிலையைக் குலைத்துவிடும்.

மாதம் ஒருமுறை, கருவியைச் சுருதி சேர்த்தபின், தடித்த ஈ கம்பியை முதல் பிரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிதான் பிரெட்) கழுத்து உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டிலும் அழுத்திப் பாருங்கள். எட்டாம் பிரெட் அருகே கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடையே சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு முகவரி அட்டை நுழையும் அளவு, இடைவெளி இருந்தால் போதும். இடைவெளி கூடியிருந்தால், டிரஸ் ராடின் திருகை அதற்கான சாவியால், சாவி நுழையும் பக்கத்திலிருந்து பார்த்து வலச்சுழியாகத் திருப்புங்கள். கம்பி பிரெட்டில் படிந்தே கிடந்தால் இடச்சுழியாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றைத் தாண்டாமல், மறுபடியும் சுருதி சேர்த்து, மறுநாள் வரை பொறுத்திருந்து அளப்பது நல்லது. சாவி இறுகி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். இளமையில் அப்படி முறுக்கி என் முதல் நல்ல பேஸின் திருகை உடைத்துக்கொண்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. வெறும் 41 ஹெர்ட்ஸில் அதிரும் அந்த ஈ கம்பி, தவிலும் தபேலாவும் முழங்கும் மண்டபத்திலும் இரைச்சலின்றித் தெளிவாக ஒலிப்பது கழுத்து சரியாக நிற்பதால்தான்.

கருவி இருக்கும் அறையில் ஈரப்பத மானி ஒன்றை வைத்து, 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக வைத்திருங்கள். இரவில் மட்டும் குளிரூட்டியைப் போட்டுப் பகலில் அணைப்பதைவிட, ஈரமகற்றும் கருவி ஒன்றைத் தொடர்ந்து இயக்குவது மரத்துக்கு இதமானது. குளிரூட்டிய அறையிலிருந்து திறந்தவெளி மேடைக்குப் போனால், பெட்டியை அரை மணி நேரம் மூடியே வையுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும்.

1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே போன்ற, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மின்சுற்றை உள்ளேயே கொண்ட ஆக்டிவ் பேஸ்களில் 9 வோல்ட் பேட்டரி உண்டு. வயர் செருகியிருக்கும் வரை அது கரைந்துகொண்டே இருக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றிவிட்டுக் கம்பிகளின் வியர்வையை உலர்ந்த பருத்தித் துணியால் அடிப்புறமும் சேர்த்துத் துடையுங்கள்.